அம்மனுக்குக் காரம் ஆகாது

ஆடி 1, வியாழன்

சாமான்களை இறக்கி, பாயை விரித்து, கொசுவர்த்தியைத் தேடி எடுத்து இப்போதுதான் உட்கார்ந்தேன். இந்த ஆடி மாதம் முழுக்க நானும் இவரும் நிறைமதி ஐயாவின் குடிலில். இரண்டு வருஷமாக அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வந்து போய்க்கொண்டிருந்தோம். மாதம் முழுக்கத் தங்குவது இதுதான் முதல் தடவை. மின்வாரியத்தில் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றவள் நான், போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். யாரிடம் லீவு கேட்க வேண்டும்? கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

குடில் கொள்ளிடக் கரையில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ஒரு பெரிய கூடம். கூடத்தின் கிழக்குக் கோடியில் அம்மன் அறை. பின்னால் சமையல் கொட்டகை. ஆடி மாதம் ஐயா அம்மன் அறையை விட்டு வெளியே வரமாட்டார். மௌன விரதம். ஆகாரம் கிடையாது, துளசித் தண்ணீர் மட்டும். சாயங்காலம் கதவு திறக்கும், வாசலில் உட்கார்ந்து கையைத் தூக்கி ஆசீர்வதிப்பார். சொல்ல வேண்டியது இருந்தால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எங்களுக்கெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடு.

எனக்குச் சமையல் கொட்டகைப் பொறுப்பு. அதைச் சொன்னவள் இந்திராணி. காலேஜில் பௌதிகம் நடத்தியவள், வேலையை விட்டுவிட்டு நாலு வருஷமாக இங்கேயே இருக்கிறாள். ஐயா இருக்கும் அறைக்குள் போய்வர அவளுக்கு மட்டும்தான் அனுமதி. தினம் மத்தியானம் அம்மனுக்கு நைவேத்தியம் நான்தான் செய்ய வேண்டுமாம். ஐயாவே சிலேட்டில் தையல் என்று என் பெயரை எழுதினாராம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இவருடைய சர்க்கரை மாத்திரையை ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். கொசு அதிகம்.

ஆடி 2, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல். புளிக்காய்ச்சல் வீட்டிலேயே செய்து கொண்டுவந்தது.

மத்தியானம் மணி அடித்ததும் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பெயரைச் சொல்ல வேண்டும். மறு மணி அடிக்கும்வரை கண்ணைத் திறக்கக்கூடாது. அந்த நேரத்தில் இந்திராணி தட்டை உள்ளே கொண்டு போகிறாள். மறு மணி அடித்தபோது காலித் தட்டோடு வந்து நின்றாள். அம்மனே ஏற்றுக்கொண்டாள் என்றாள். மற்ற கோவில்களில் நைவேத்தியம் போனபடியே திரும்பி வரும். இங்கே ஆடி மாதம் மட்டும் அம்மன் சாப்பிடுகிறாள். கூடமே அழுதது. இவரும் அழுதார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன், எங்கள் சாப்பாட்டுக்குச் சாம்பார் அடுப்பில் இருந்தது.

தட்டை நான்தான் கழுவினேன். புளியோதரையில் போட்ட மிளகாயும் கறிவேப்பிலையும் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. என் கையால் சமைத்ததை அம்மன் பொறுக்கிச் சாப்பிட்டிருக்கிறாள்! என் அம்மா இருந்திருந்தால் சொல்லிச் சொல்லி மாய்ந்து போயிருப்பாள்.

ஆடி 4, ஞாயிறு

இந்திராணி வந்து சொன்னாள்: அம்மனுக்குக் காரம் ஆகவில்லை, குறைத்துப் போடச் சொல்லி ஐயா எழுதிக் காட்டினார். மாரியம்மனுக்கு மிளகாயையே அரைத்துப் பூசுகிற ஊரில் பிறந்தவள் நான். இருந்தாலும் ஒவ்வொரு அம்மனுக்கு ஒவ்வொரு வழக்கம். காரத்தைக் குறைத்துவிட்டேன்.

பாத்திரம் தேய்க்கச் சாம்பல் தீர்ந்துவிட்டது. சோப்புத் தூள் வாங்கச் சொல்ல வேண்டும்.

ஆடி 6, செவ்வாய்

இன்று தம்பி ராசகோபால் போன் செய்தான். மயிலாடுதுறையில் வாடகை வண்டி ஓட்டுகிறான். வழக்கம்போல் ஆரம்பித்தான், படித்தவர்கள் நீங்களே இப்படிப் போய் விழுந்தால் எப்படி என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்கு என்ன தெரியும்? எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்து போகக்கூடாது.

கவியரசன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஒரே பிள்ளை. புறவழிச் சாலையில் லாரி. அதற்குப் பிறகு இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். பேச்சு இல்லை. வாயில் ஊட்டினால் துப்பினார். டாக்டர்கள் மாத்திரை மேல் மாத்திரை எழுதினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லி, ஒரு பௌர்ணமிக்கு இவரை இழுத்துக்கொண்டு இங்கே வந்தேன். எனக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது, போக்கிடம் இல்லாமல் வந்தேன்.

அவ்வளவு கூட்டத்தில் ஐயா எழுந்து வந்து இவர் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார். அதுவரை எங்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் லாரி நம்பரைத்தான் கேட்டார்கள். இவர் வாயைத் திறந்து, "தயிர் சாதமும் மாவடுவும்" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் பேச்சு அது. ஐயா தயிர் சாதம் கொண்டுவரச் சொல்லித் தன் கையால் பிசைந்து உருட்டி, "அவனுக்குப் பதிலா நீங்க சாப்பிடுங்க" என்று இவர் கையில் வைத்தார். இவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கதறி அழுதார்.

என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் ஐயா. தம்பி ஆயிரம் சொல்லட்டும்.

ஆடி 9, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. கூட்டம் தாங்கவில்லை, அரிசி இரண்டு முறை உலை வைத்தேன். இன்று அம்மன் கத்தரிக்காயைத் தொடவில்லை. உருளைக்கிழங்கைத் துளி விடாமல் சாப்பிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் ஐயாவைப் பார்த்தவர்கள், பட்டினி கிடந்தும் முகம் எப்படிப் பளபளக்கிறது பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். உண்மைதான். ஒரு வேளை சாப்பிடுகிற இவருக்குக் கன்னம் ஒட்டிவிட்டது, வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டுகிறார். ஐயாவின் கன்னம் பூரித்திருக்கிறது. தவம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஆடி 10, சனி

மழை. விறகு ஈரம். புகையில் கண் போயிற்று.

ஆடி 14, புதன்

கோத்தகிரிப் பக்தர் ஒருவர் ஒரு மூட்டை பீட்ரூட் கொண்டுவந்து இறக்கினார். நைவேத்தியத்துக்குப் பீட்ரூட்டா என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, இருந்தாலும் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து தட்டில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் காய் இருந்தது, வைத்தேன், அவ்வளவுதான்.

தட்டு காலியாக வந்தது.

சாயங்காலம் ஐயா ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார். விரல் நுனியெல்லாம் சிவப்பு. முன்வரிசையில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டு, "அம்மன் குங்குமம்!" என்று கத்தினாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். என் விரல் நுனியும் சிவப்பாகத்தான் இருந்தது, மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

குங்குமமாகத்தான் இருக்கும்.

ஆடி 15, வியாழன்

குங்குமம் இல்லை.

சரி. இருந்தால் என்ன? மனுஷர் மாதம் முழுக்கப் பட்டினி கிடக்க முடியுமா? இத்தனை பேருடைய பாரத்தைச் சுமக்கிறவருக்கு உடம்பு வேண்டாமா? நான் சமைத்தது அம்மனுக்குப் போனால் என்ன, ஐயாவுக்குப் போனால் என்ன, வீணாகப் போகவில்லையே. இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறவள் நான் இல்லை. நாளைக்குப் பால் பாயசம் வைக்கலாம் என்றிருக்கிறேன், ஐயா இளைக்காமல் இருக்கட்டும்.

இதை இவரிடம் சொல்லப் போவதில்லை. அவர் இங்கே சிரிக்கிறார். காலையில் தோப்பைப் பெருக்கிவிட்டு வந்து, தையல், இன்றைக்கு ஒரு கீரிப்பிள்ளையைப் பார்த்தேன் என்கிறார். கீரிப்பிள்ளையைப் பற்றியெல்லாம் இவர் பேசி எத்தனை காலம் ஆயிற்று!

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கொள்ளிடத்தில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போகிறது. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று விடிவதற்குள் கிளறி முடித்தேன்.

ஆற்றங்கரைக்குக் கிளம்புமுன் இந்திராணி சிலேட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள். விருப்பப்பட்டவர்கள் இன்று முதல் மாதக் கடைசிவரை ஐயாவோடு சேர்ந்து துளசித் தண்ணீர் மட்டும் அருந்தலாம், கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தது. முதல் கை இவருடையது. சர்க்கரை உடம்பை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு என்று காதில் சொன்னேன். கேட்டால்தானே. ஐயாவே இருக்கும்போது எனக்கென்ன என்றார்.

பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டோம். இவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார். நான் ஐயோ என்பதற்குள் பூவோடு சேர்த்து விட்டுவிட்டார். வெள்ளி அட்டைகள் மினுங்கிக்கொண்டே போயின. சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். சிலர் தங்கள் மாத்திரையும் இங்கேதான் இருக்கிறது என்று பையைத் தேடினார்கள்.

ஆற்றில் இறங்கி எடுக்கவா முடியும்?

ஆடி 20, செவ்வாய்

கஞ்சித் தண்ணீராவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "ஐயா குடிக்கிறாரா?" என்று கேட்டார். கஞ்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன்.

ஐயா தினம் சாப்பிடுகிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாப்பிடுவாரா, மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருவாரா என்று தெரியவில்லை. அந்தச் சுவரை எனக்கு மறுபடியும் பார்க்கத் தெம்பில்லை.

நைவேத்தியம்: வெண்பொங்கல், கொத்சு, மெதுவடை. காரம் குறைவு.

ஆடி 22, வியாழன்

இவர் இன்று எழுந்திருக்கவில்லை. தாகம் தாகம் என்கிறார், செம்பு செம்பாகத் துளசித் தண்ணீர் குடிக்கிறார், அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறார், கைத்தாங்கலாகத்தான் கூட்டிப் போகிறேன். பேச்சு குழறுகிறது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

பாத்திரம் கழுவும் இடத்தில் இந்திராணியைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், ஐயாதானே சாப்பிடுகிறார் என்று. அவள் பதறுவாள், கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "உங்களுக்கு இப்பதான் தெரியுமாக்கா?" என்றாள்.

அவளே சொன்னாள். முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாளாம். ஒரு வாரம் அழுதாளாம். பெட்டியைக் கட்டிவிட்டாளாம். அப்புறம் யோசித்துப் பார்த்தாளாம். "இங்க வரும்போது எனக்கு மாத்திரை போட்டாத்தான் தூக்கம்க்கா. இப்ப படுத்தா தூங்குறேன். அந்தத் தூக்கம் பொய்யா சொல்லுங்க? அவர் சாப்பிட்டா சாப்பிட்டுப் போறார்." போன வியாழக்கிழமை நானே எழுதினதுதானே இது, அவள் கொஞ்சம் நன்றாகச் சொல்லிவிட்டாள்.

ஐயாவிடம் சொல்லி இவரைச் சாப்பிடச் சொல்லு, சிலேட்டில் ஒரு வரி எழுதினால் போதும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவரவர் விரதம் அவரவருக்கும் அம்மனுக்கும் உள்ளது, நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று எழுதினாராம். ஒருவரை எழுந்திருக்கச் சொன்னால் மற்றவர்களின் விரதமும் கலைந்துவிடுமாம்.

ஆடி 23, வெள்ளி

நாலாம் வெள்ளி. பால் கொழுக்கட்டை, அதுவும் நெய் விட்டு. புருஷன் பட்டினியில் கிடக்க, இன்னொருவருக்கு நெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல் வந்தது. எறியவில்லை.

மத்தியானம் எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் இவர் காதருகில் குனிந்து சொல்லியே விட்டேன். அம்மன் இல்லைங்க, ஐயாதான் சாப்பிடறார், தட்டைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்றேன். கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். என் தலையைத் தடவிக் கொடுத்து, "உனக்கு மனசு சரியில்ல, தையல்" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் எனக்குச் சொல்கிறார், மனசு சரியில்லை என்று.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், தூக்கிக்கொண்டு போனால் வழியில் குதித்துவிடுவேன் என்கிறார். குதிக்கத் தெம்பு இல்லை, ஆனால் சொல்கிறார்.

ஆடி 24, சனி

குடித்த தண்ணீரும் வாந்தி. தம்பிக்குப் போன் செய்தேன். நாளை மத்தியானம் வண்டியோடு வருகிறான். அவன் ஒன்றும் குத்திப் பேசவில்லை. அதுவே பயமாக இருந்தது.

ஆடி 25, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இந்திராணி வந்து, இன்று அம்மனுக்குத் தயிர் சாதமும் மாவடுவும் போதும் என்று ஐயா எழுதினார் என்றாள். வெயிலுக்கு இதமாக இருக்குமாம். நான் குழையக் குழைய வடித்து, பால் ஊற்றி, உறைத்தயிர் விட்டுப் பிசைந்தேன். மாவடு என் வீட்டு ஜாடியிலிருந்து கொண்டுவந்தது, கவியரசனுக்கென்று போட்டுப் பழகிய கைப்பக்குவம்.

மணி அடித்தது. கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். இவர் கூடத்துத் தூணில் சாய்ந்து கிடந்தார், படுக்க மாட்டேன் என்று பிடிவாதம். அவர் உதடு அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. உதட்டோரம் வெடித்திருந்தது. இந்திராணி தட்டோடு என்னைக் கடந்து உள்ளே போனாள், வெறுங்கையோடு வெளியே வந்து வாசலில் நின்றாள். நான் நேராக நடந்தேன். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கதவைத் தள்ளினேன். அம்மன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐயா சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி ஆகியிருந்தது. என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. கையைக்கூட மறைக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி, "கதவைச் சாத்திட்டு வாங்கம்மா" என்றார். இருபது நாளுக்கு மேல் கேட்காத அந்தக் குரல். "உக்காருங்க. அவர் எப்படி இருக்கார்?"

உட்காரத்தான் போனேன். சத்தியமாக எழுதுகிறேன். அந்தக் குரலில் கேட்டால் யாருக்குமே எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றும். மாவடுவை ஒரு கடி கடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்தது.

"செத்துக்கிட்டிருக்கார் ஐயா" என்றேன். சொல்லிக்கொண்டே அவர் முன்னாலிருந்த தட்டைப் பிடுங்கினேன். அவர் தடுக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "கொண்டு போங்க" என்றார். பிடுங்கியவள் நான். கொடுத்தவர் அவர் என்று ஆகிவிட்டது.

வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றேன். கண்ணைத் திறங்கள் என்று கத்தினேன். மணி அடிக்காமல் எப்படித் திறப்பது என்று சிலர் இறுக்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திறந்தார்கள். "பாருங்க. இது ஐயா சாப்பிட்ட எச்சில். அம்மன் சாப்பிடல, ஐயாதான் சாப்பிடறார். தினம் சாப்பிடறார். நான்தான் சமைச்சுப் போடறேன்." தட்டைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினேன். சோற்றில் ஐயாவின் விரல் தடம் இருந்தது. கடித்த மாவடு இருந்தது. இதற்கு மேல் என்ன காட்ட வேண்டும்?

கல்லால் அடிப்பார்களோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம்.

தூணோரத்திலிருந்து இவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

"ஐயா பிரசாதமா?" என்றார். அவ்வளவு தெளிவாக மூன்று நாளாக அவர் பேசவில்லை. கண்ணில் தண்ணீர். தயிர் சாதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குன்னு எச்சில் பண்ணி அனுப்பியிருக்கார் பாரு."

அவருக்குப் பின்னால் முன்வரிசை அம்மாள் கையை நீட்டினாள். பிறகு கோத்தகிரிக்காரர். பிறகு எல்லோரும். நகர்ந்து நகர்ந்து வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எங்களுக்காக விரதத்தையே விட்டுக்கொடுத்தாரே என்று ஒருத்தி விம்மினாள். எல்லோர் கையும் என் முகத்துக்கு நேராக. ஐயா வாசலில் வந்து நின்று கையைத் தூக்கினார். விரலில் தயிர் இருந்தது.

இல்லை, இது பிரசாதம் இல்லை என்று நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவர் கையை மடக்கிக்கொள்வார். எனக்கு அது தெரியும்.

ஒரு கவளம் உருட்டி இவர் கையில் வைத்தேன். சாப்பிட்டார். இரண்டாவது கவளமும் சாப்பிட்டார். மிச்சத்தை மற்றவர்கள் என் கையிலிருந்தே வழித்துக்கொண்டு போய்விட்டார்கள், கடித்த மாவடுவைக்கூட விடவில்லை.

தம்பி வந்தபோது இவர் தானாகவே வண்டியில் ஏற ஒத்துக்கொண்டார். ஐயா விரதத்தை முடித்து வைத்துவிட்டார், இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

ஆடி 26, திங்கள்

சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறதாம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர். ஊசி மருந்து ஏறுகிறது. எந்த மடையன் மாத்திரையை நிறுத்தச் சொன்னான் என்று என்னைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார் என்றேன். யோசித்துப் பார்த்தால் அது நிஜமும்கூட. ஐயா யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

தம்பி வெளியே போய் டீ வாங்கி வந்தான். இரண்டு நாளாக நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது டீ குடித்த பிறகுதான் தெரிந்தது.

ஆடி 27, செவ்வாய்

இந்திராணி போன் செய்தாள். இவரைப் பற்றி அக்கறையாக விசாரித்தாள். குடிலில் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் பேச்சாம். ஒரு பக்தரின் உயிரைக் காப்பாற்ற ஐயா தன் தவத்தையே கொடுத்தார் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். இனி ஒவ்வொரு ஆடியிலும் அந்த நாளில் தயிர் சாதப் பிரசாதம் என்று ஐயா எழுதிவிட்டாராம். மாவடு நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும் அக்கா என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வெகு நேரம் ஒரே யோசனை. அன்றைக்கு ஏன் குறிப்பாகத் தயிர் சாதமும் மாவடுவும் கேட்டார்? தெரிந்துதான் கேட்டாரோ? நான் உள்ளே வருவேன் என்று தெரிந்துதான்... எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் தோன்றியது.

ஆடி 29, வியாழன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று காலை புதுத் தொல்லை. இட்லியைத் தள்ளிவிட்டார். மாத்திரையைக் கொடுத்த நர்சிடம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஐயா சொல்லட்டும் என்கிறார். நான் கெஞ்சினேன், தம்பி அதட்டினான், டாக்டர் வந்து படித்துப் படித்துச் சொன்னார். கவியரசன் பேரைச் சொல்லிக்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்தேன்.

பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கேன்டீனில் வேறு இரண்டு இட்லி வாங்கி, சாம்பாரிலிருந்த மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மாத்திரையை ஓரத்தில் வைத்து, தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பிப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"ஐயா கொடுத்தனுப்பினார்" என்றேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தம்பி என்னையே பார்த்தான். "அக்கா, நீயுமா?" என்றான். இவர் இரண்டு கையையும் குவித்து நீட்டியிருந்தார்.

இட்லி இரண்டும் சாப்பிட்டார். மாத்திரையும் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்கு ரசம் சாதம் வாங்க வேண்டும்.